டர்போ எஞ்சினுக்கு ஏற்ற கேம் எது?

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். இப்போது பட்டணத்தில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் கையில் விலைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் 264, 272, 280 என்னும் மூன்று எண்களுக்கு நேராக மூன்று கேம்தண்டு இணைகள் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் விலையில் பெரிய வேறுபாடில்லை. “சார், விலை ஒன்றுதானே, பெரியதையே வாங்கிவிடலாமா?” என்று கேட்டார். ஈராண்டுச் சேமிப்பு அவர் சட்டைப்பையில் இருந்தது.

அவருடைய கார் புரோட்டோன் வீரா. 1993-இல் வெளிவந்த அக்கார் மிட்சுபிஷி லான்சரின் உடலமைப்பைக் கொண்டது. அதே லான்சரை அடிப்படையாகக் கொண்டுதான் 1992-ஆம் ஆண்டு தொடங்கி ஜப்பானில் லான்சர் எவலூஷன் காரின் முதல் மூன்று வகைகளும் செய்யப்பட்டன. உடல் ஒன்றாதலின், அவற்றின் 4ஜி63 டர்போ எஞ்சின் வீராவுக்குள் பெருந்தொல்லையின்றி அமர்கிறது. நம் நாட்டு இளைஞர் பலர் ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின்களை வாங்கி அவ்வாறே பொருத்தியுள்ளனர். இவருடையது மூன்றாம் வகையின் எஞ்சின். தொழிற்சாலையில் 270 குதிரைத்திறன் என மதிப்பிடப்பட்டது. எஞ்சின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறையாகப் பதிந்திருக்கிறார் என்பதைக் கேட்டறிந்த பிறகே நான் பேச்சைத் தொடர்ந்தேன்.

அன்று அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் நூல்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டவற்றையும் ஈண்டுத் தருகிறேன். கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு வகுப்பறைக்கு ஆகும் கணக்குகள் சில இதில் கிடைக்கும்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சிறிது. கேம் என்பதற்கு ‘நெம்புருள்’ என்னும் கலைச்சொல் உண்டு. நல்ல சொல்லே, நெம்பித் தள்ளும் அதன் தொழில் பெயரிலேயே விளங்குகிறது. ஆயினும் பட்டறையில் அச்சொல்லைக் கூறிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆகவே கேம், வால்வு, பிஸ்டன் முதலிய பொருட்பெயர்களை வழக்கில் உள்ளவாறே வைத்துக்கொண்டு, அளவுகளைக் குறிக்கும் சொற்களை மட்டும் தமிழில் ஆக்கிக்கொண்டேன். புதுக்காற்று உட்புகும் வழியைத் திறப்பது காற்று வால்வு. எரிந்த புகை வெளியேறும் வழியைத் திறப்பது புகை வால்வு. வால்வு திறந்திருக்கும் அளவு திறப்புக் காலம். அது தன் இருக்கையை விட்டு எழும் உயரம் ஏற்றம். (இதனைத் ‘தூக்கம்’ என்று மொழிபெயர்த்த ஒருவரைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் உறங்கிவிடும்!) இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் சிறு பொழுது உடன்திறப்பு. டர்போ எஞ்சினுக்குக் கேம் தேர்வதில் உயிர்நிலையாவது இவ்வுடன்திறப்பே என்பதைப் போகப் போகக் காண்போம்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் நான்கு நடை நடக்கிறது. கீழிறங்கிக் காற்றை உறிஞ்சுகிறது. மேலேறி அதனை அமுக்குகிறது. தீப்பற்றிய வளியால் கீழே தள்ளப்படுகிறது. மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்நான்கும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை, அஃதாவது 720 பாகை, சுழன்றுவிடும். அதே காலத்தில் கேம்தண்டு ஒரே முறை சுழலும். அத்தண்டில் முட்டை வடிவான மேடுகள் கடையப்பட்டுள்ளன. மேட்டின் முனை வந்து அழுத்தும்போது வால்வு திறக்கிறது. முனை கடந்ததும் சுருள்வில் வால்வை இழுத்து மூடுகிறது. கேம் செய்யும் பணி இவ்வளவே. குதிரைத்திறன் என ஒன்று அதனுள் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. பள்ளி மணி பாடம் நடத்துவதில்லை. ஆனால் மணி தவறினால் ஒரு பாடமும் ஒழுங்காக நடவாது. கேம் அத்தகையது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு கால அட்டவணையையே.

அவ்வட்டவணையின் நுண்மையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. பிஸ்டன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைக்கு வருவது அரைச் சுற்று; அதற்குக் கிடைப்பது நொடியில் 200-இல் ஒரு பங்கு. 4ஜி63 எஞ்சினின் கொள்ளளவு 1,997 கன சென்டிமீட்டர். நான்கு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை லிட்டர். இமைப்பொழுதினும் மிகச் சிறிய அந்நேரத்தில் அரை லிட்டர் இடம் நிரம்பியாக வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. தள்ளியவுடன் கிளம்பாது, கிளம்பிய பின் உடனே நிற்காது. எனவே பிஸ்டன் மேல் எல்லையைத் தொடுமுன்பே காற்று வால்வு திறக்கத் தொடங்குகிறது. பிஸ்டன் கீழ் எல்லையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரும், ஓடிவரும் காற்று தன் வேகத்தால் நுழைந்துகொண்டிருப்பதற்காகத் திறந்தே இருக்கிறது. 180 பாகை போதாமல் 264, 272 என்னும் எண்கள் வருவது இதனாலேயே.

வேகம் மிகுந்தால் நேரம் சுருங்கும். ஆதலால் விரைந்து சுழலும் எஞ்சினுக்கு நீண்ட திறப்பு வேண்டும். மெதுவாகச் சுழலும்போதோ அந்நீண்ட திறப்பே கேடாகிறது; உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திருப்பித் தள்ளப்படுகிறது. ஆகவே பெரிய கேம் என்பது எல்லா வேகத்திலும் வலிமையைக் கூட்டுவதன்று. வலிமை தோன்றும் இடத்தை மேல் வேகத்துக்கு நகர்த்துவது. இதனை நான் ஏட்டில் மட்டும் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இளைஞர் யாரோ சொன்னதைக் கேட்டு மிகப் பெரிய கேம் பொருத்திய தம் டர்போ காரில் என்னை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறினார். எஞ்சின் சும்மா ஓடும்போதே மூச்சிரைப்பவர் போலக் குலுங்கியது. மேட்டில் பாதி வழி வரை வேக மிதியை அழுத்தியும் வண்டி ஊர்ந்தது; முள் 4,500-ஐத் தாண்டியதும் திடீரெனப் பாய்ந்தது. அப்போது நாங்கள் வளைவுக்குள் இருந்தோம். அதன்பின் அவர் காரில் நான் ஏறவில்லை.

இதுவரை கூறியது எல்லாப் பெட்ரோல் எஞ்சினுக்கும் பொது. இனி டர்போவுக்கு வருவோம்.

புகையோடு வீணாகப் போகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்னும் கருத்துக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் கப்பல்களிலும் விமானங்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களிலும் பயன்பட்டு, 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மோபில், ஷெவர்லே கார்கள் இரண்டின் வழியாகச் சாலைக்கு வந்தது. இவ்வமைப்பில் புகையின் பாதையில் ஒரு தடை வைக்கப்படுகிறது என்பதை மறந்துவிடலாகாது. டர்பைன் சக்கரம் இலவசமாகச் சுழல்வதில்லை. அதனைச் சுழற்றப் புகை முட்டி மோதி நெருங்கியே செல்ல வேண்டும். ஆகவே வால்வுக்கும் டர்பைனுக்கும் இடையே அழுத்தம் ஏறுகிறது.

டர்போ இல்லாத எஞ்சினில் உடன்திறப்பு ஒரு நன்மை. வெளியேறும் புகை தன் வேகத்தால் பின்னே ஒரு வெற்றிடத்தை உண்டாக்க, அதனால் இழுக்கப்பட்டுப் புதுக்காற்று முன்னதாகவே நுழைகிறது. பந்தயக் கார்களுக்கு நீண்ட கேம் வைக்கும் பழக்கம் இதிலிருந்தே பிறந்தது. அவ்வழக்கத்தை அப்படியே டர்போ எஞ்சினுக்குக் கொண்டு வருவோர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும்போது சிலிண்டர் இருபுறமும் கதவு திறந்த ஒரு கூடம் ஆகிறது. எப்பக்கம் அழுத்தம் மிகுதியோ அப்பக்கத்திலிருந்துதான் காற்று வீசும். புகைப்பக்கத்து அழுத்தம் காற்றுப்பக்கத்து அழுத்தத்தை விட மிகுந்திருந்தால், வெளியே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வரும். வந்த புகை புதுக்காற்றின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. அஃதன்றிச் சிலிண்டரைச் சூடேற்றிப் பெட்ரோல் காலத்துக்கு முன் தானே வெடிக்கும் ‘நாக்கிங்’ என்னும் நோயையும் வருவிக்கிறது. அந்நோய் கண்ட பிஸ்டன் உடைந்தால் சேமிப்பு மட்டுமன்று, எஞ்சினும் போகும்.

ஆகவே மாணவரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, “உன் எஞ்சினில் புகைப்பக்கத்து அழுத்தம் எவ்வளவு, தம்பி?” என்பது. அவர் காற்றுப்பக்கத்து அழுத்தத்தை, அஃதாவது பூஸ்டை, உடனே சொன்னார்; அதற்குக் காரில் கடிகாரம் போன்ற மானி இருக்கிறது. மற்றதை அளந்ததில்லை என்றார். பெரும்பாலோர் அளப்பதில்லை. அளப்பதும் கடினமன்று. டர்பைனுக்கு முன்னுள்ள புகைக்குழாயில் திருகுத் துளை ஒன்றிட்டு, மெல்லிய எஃகுக் குழாயைச் சில சுருள் சுருட்டி இணைத்து, அதன் மறுமுனையில் சாதாரண அழுத்தமானியை மாட்டினால் போதும். பெட்ரோல் டர்போ எஞ்சினின் புகை 900 பாகை செல்சியசை எட்டக்கூடியது. சுருள், மானியை அச்சூட்டிலிருந்து காக்கிறது. இரு வாரங்கள் கழித்து அளந்து வந்தார். 6,500 சுற்றில் பூஸ்ட் 1.2 பார், புகைப்பக்கம் 2.1 பார். எஞ்சினோடு வந்த சிறிய டர்பைன் அவ்வேகத்தில் மூச்சு முட்டுகிறது என்பதற்கு இவ்விரு எண்களுக்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இங்கே நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய மற்றொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இதனைப் புரிந்துகொள்ள எனக்கே சில நாள் பிடித்தது. 4ஜி63-இல் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்னும் முறையில் தீப்பற்றுகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 180 பாகை. முதற் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடித்து உடன்திறப்பில் இருக்கும் அதே கணத்தில், மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கிறது. அதன் புகை வால்வு சற்று முன்னர்தான் திறந்தது. திறந்தவுடன் எரிந்த வளி பேரழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. நான்கு குழாய்களும் ஓரிடத்தில் கூடுவதால் அவ்வலை முதற் சிலிண்டரின் திறந்த வாயிலும் போய் மோதுகிறது. பழைய லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீடுகளின் பின்னே ஒரே கால்வாய். ஒரு வீட்டில் அண்டாவைக் கவிழ்த்தால் பக்கத்து வீட்டுக் குளியலறையில் நீர் ஏறும். கால்வாயின் வாய் குறுகியதாக இருந்தால் இன்னும் மோசம். டர்பைனே அக்குறுகிய வாய்.

புகை வால்வின் திறப்புக் காலத்தை நீட்டினால் இத்தொல்லை இருமடங்காகிறது. மூன்றாம் சிலிண்டர் இன்னும் முன்னதாகத் திறந்து அலையை அனுப்புகிறது. முதற் சிலிண்டர் இன்னும் தாமதித்து மூடி அவ்வலையை ஏற்கிறது. இதற்கு மருந்தாகத்தான் 1996-இல் வந்த நான்காம் எவலூஷன் முதற்கொண்டு டர்பைன் கூட்டை இரு அறைகளாகப் பிரித்தார்கள். 1, 4 ஆகிய சிலிண்டர்களின் புகை ஓர் அறைக்கும், 2, 3 ஆகியவற்றின் புகை மற்றோர் அறைக்கும் செல்கிறது. அடுத்தடுத்துத் தீப்பற்றும் இரு சிலிண்டர்கள் ஒரே அறையைப் பகிர்வதில்லை. அத்தகைய எஞ்சினில் நண்பர் ஒருவர் 272 பொருத்தி நன்றாயிருக்கிறது என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாம் வகைக்கு அத்தடுப்பு இல்லை. கேட்பவரின் எஞ்சினும் சொல்பவரின் எஞ்சினும் ஒரே பெயர் கொண்டவை என்பதால் ஒன்றாகிவிடா.

‘டர்போவுக்கு உடன்திறப்பு ஆகவே ஆகாது’ என்று முன்பு ஒரு விதி சொல்லிவந்தனர். சிறிய டர்பைன்கள் இருந்த காலத்தில் அது சரியே. இன்று அதனை மந்திரம் போல ஓதுவதும் பிழை. பெரிய, நல்ல டர்பைனில் புகைப்பக்கத்து அழுத்தம் பூஸ்டுக்கு நிகராகவோ அதனினும் குறைவாகவோ நிற்கும். அப்போது காற்று சரியான திசையிலேயே வீசும். உடன்திறப்பு சிலிண்டரைக் கழுவிவிடும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் இக்காலத்து டர்போ எஞ்சின்கள் சில, கேமைத் தாமே நகர்த்திக்கொண்டு, குறைந்த வேகத்தில் வேண்டுமென்றே உடன்திறப்பைக் கூட்டுகின்றன. பெட்ரோல் பின்னர்த் தெளிக்கப்படுவதால் கழுவிச் செல்வது வெறுங்காற்றே. 4ஜி63 போலக் காற்றுவழியிலேயே பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் அவ்வாறு செய்தால் பெட்ரோலும் புகைக்குழாய்க்குப் போகும். விதியை அல்ல, விதியின் காரணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மாணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், புரிந்ததா என்பது அப்போது தெரியவில்லை.

உடன்திறப்பைக் கணக்கிடுவது எளிது. காற்றுக் கேமின் உச்சிக்கும் புகைக் கேமின் உச்சிக்கும் இடையே, கேம்தண்டின் பாகையில் அளக்கப்படும் இடைவெளியை மையக் கோணம் என்போம். இரு கேம்களின் திறப்புக் காலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து மையக் கோணத்தின் இருமடங்கைக் கழித்தால் உடன்திறப்பு கிடைக்கும். இரு உச்சிகளுக்கும் இடையே கேம்தண்டில் 110 பாகை என்றால் கிராங்க் தண்டில் 220 பாகை. அதன் பாதியாகிய 110 என்று எப்படிச் சொன்னாலும் எண் ஒன்றே வருகிறது. கணக்கில் அந்த 110-ஐயே எடுத்துக்கொள்க. மையக் கோணம் 110 என வைத்தால், 264 இணைக்கு 264 − 220 = 44 பாகை. 272 இணைக்கு 52. 280 இணைக்கு 60. பட்டியலில் 264-க்கும் 280-க்கும் இடையே தெரிவது 16 பாகை வேறுபாடு; அது நூற்றுக்கு ஆறு பங்கு. உடன்திறப்பிலும் கூடுவது அதே 16 பாகைதான். ஆனால் 44-இல் 16 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பட்டியல் எண் சிறிதாகக் காட்டுவதை எஞ்சின் பெரிதாக உணர்கிறது.

மாணவர் விடவில்லை. “272 வாங்கி, மையக் கோணத்தை 114 ஆக்கினால் உடன்திறப்பு மறுபடி 44 ஆகிறதே, சார்?” என்றார். நல்ல கேள்வி; 272 − 228 = 44. இரு தனித்தனிக் கேம்தண்டுகளும், திருப்பி அமைக்கக்கூடிய பற்சக்கரங்களும் இருப்பதால் அவர் எஞ்சினில் இது செய்யக்கூடியதே. ஆனால் காற்று வால்வு எப்போது மூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 264 கேமை 110-இல் வைத்தால், உச்சிக்குப் பின் 132 பாகையில், அஃதாவது பிஸ்டன் கீழ் எல்லையைக் கடந்து 62 பாகையில், வால்வு மூடும். 272 கேமை 114-இல் வைத்தால் 70 பாகை ஆகும். 4ஜி63-இன் பிஸ்டன் நடை 88 மில்லிமீட்டர். 62 பாகையில் பிஸ்டன் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் மேலேறிவிட்டது; 70 பாகையிலோ ஏறத்தாழ 23. அத்தனையும் காற்றை அமுக்காமல் திருப்பித் தள்ளும் நடை. வேகம் மிகுந்தபோது ஓடிவரும் காற்றின் விசை இதனை ஈடுசெய்யும். டர்போ விழித்தெழாத தாழ்ந்த வேகத்தில் ஈடுசெய்ய ஒன்றுமில்லை. அமுக்கம் குறைகிறது, புகை மெலிகிறது, மெலிந்த புகையால் டர்பைன் மேலும் தாமதித்துச் சுழல்கிறது. தோட்டத்து மேட்டில் ஊர்ந்த காரின் நோய் இதுவே.

மற்றொரு பொறி, பட்டியல் எண்களில் உள்ளது. ஒரு நிறுவனம் வால்வு இம்மியளவு அசைந்ததிலிருந்து திறப்பை எண்ணுகிறது. மற்றொன்று 1 மில்லிமீட்டர் எழுந்த பிறகு எண்ணுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் ஓர் அங்குலத்தில் 1,000-இல் 50 பங்கு, அஃதாவது 1.27 மில்லிமீட்டர், எழுந்த பிறகு எண்ணிய அளவையும் தருகின்றன. ஒரே கேம் ஒரு பட்டியலில் 272 என்றும் மற்றொன்றில் அதனினும் மிகக் குறைந்த எண்ணாகவும் தோன்றலாம். எவ்வளவு ஏற்றத்திலிருந்து அளந்தது என்று கேளாமல் இரு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவது, ஒருவர் வயதை ஆண்டிலும் மற்றவர் வயதை மாதத்திலும் கேட்டு யார் மூத்தவர் என்று முடிவுகட்டுவது போன்றது.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வு, விட்டத்தின் நான்கில் ஒரு பங்காகிய 8.5 மில்லிமீட்டர் எழுந்தால், அதன் சுற்றிலும் திறக்கும் இடைவெளியின் பரப்பு வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். (வட்டத்தின் சுற்றளவையும் பரப்பையும் கற்ற மாணவர்க்கு இதனை மெய்ப்பிக்கக் கொடுக்கலாம்.) அதற்குமேல் ஏற்றுவதில் பயன் இல்லாமற் போகவில்லை; உயரத்தில் நெடுநேரம் நிற்கும் நன்மை உண்டு. திறப்புக் காலத்தையும் உடன்திறப்பையும் பெரிதும் கூட்டாமல் காற்றோட்டத்தைக் கூட்டுவதற்கு ஏற்றம் நல்ல வழி என்பதே டர்போ எஞ்சினில் அதன் சிறப்பு.

ஆனால் ஏற்றம் கூடினால் சுருள்வில்லும் மாற வேண்டும். பழைய வில் முழுதும் சுருங்கிச் சுருளோடு சுருள் முட்டலாம். அல்லது மிகுவேகத்தில் கேமைப் பின்தொடர இயலாமல் வால்வு மிதக்கலாம். டர்போவில் இதற்கு மேலும் ஒரு சுமை. 34 மில்லிமீட்டர் வால்வின் பரப்பு ஏறத்தாழ 9 சதுர சென்டிமீட்டர். பூஸ்ட் 1.5 பார் என்றால் மூடிய காற்று வால்வின் முதுகில் ஏறத்தாழ 14 கிலோ எடை ஏறி அமர்ந்து அதனைத் திறக்கப் பார்க்கிறது. பூஸ்டைக் கூட்டிக்கொண்டே போய் வில்லை மாற்றாதவர், உயர்ந்த வேகத்தில் எஞ்சின் இருமுவதற்குத் தீப்பொறிக் குச்சியைப் பழிப்பதுண்டு.

கேம் மாறிய பின் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் கணினியைத் திரும்ப அமைக்காவிட்டால் செலவில் பாதி வீண். அதற்கும் சேர்த்துத்தான் கையிருப்பைக் கணக்கிட வேண்டும். நம் இளைஞர் பெரும்பாலும் உறுப்பின் விலையை எண்ணுகின்றனர். வில், பெல்ட், அடைப்புகள், அமைப்புக் கூலி ஆகியவற்றை எண்ணுவதில்லை. மாணவரும் நானும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். கேமின் விலை, மொத்தத்தில் பாதியைக் கூட எட்டவில்லை.

இவ்வளவும் பேசியபின் முடிவு தானே வந்தது. எஞ்சினோடு வந்த டர்பைன் இருக்கும் வரை அவருக்கு 264 போதும். அறுபது மைல் தொலைவிலுள்ள பட்டறைக்கு நாள்தோறும் ஓட்டிச்சென்று வருபவர் அவர். சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவது ஆண்டுக்கு இருமுறை. புகைப்பக்கத்து அழுத்தம் பூஸ்டின் ஒன்றே முக்கால் மடங்காக இருக்கும் எஞ்சினில் 272 பொருத்தினால், 6,000-க்கு மேல் சிறிது கிடைக்கலாம். 3,500-இல் இழப்பது அதனினும் மிகுதி. பின்னாளில் பெரிய டர்பைன் வாங்கினால் 272-க்கு அப்போது வழியுண்டு. 280, எஞ்சினை 5,000-க்குக் கீழே இறங்க விடாமல் ஓட்டுவோர்க்கும், அவ்வேகத்தைத் தாங்கும்படி உள்ளுறுப்புகளை மாற்றியவர்க்கும் உரியது. “கூட்டாளிகள் சிரிப்பார்களே, சார்” என்றார். அவர்களிடம் அந்த இரண்டு அழுத்த எண்களைக் காட்டும்படி சொன்னேன். அப்போது அவரே, “அவர்களுடையதையும் அளந்துவிட்டுக் காட்டுகிறேன்” என்றார். அவருக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பொருத்துமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று எஞ்சியிருந்தது. 4ஜி63-இல் வால்வும் பிஸ்டனும் தவறான நேரத்தில் சந்தித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பிஸ்டன் மேல் எல்லையை நெருங்கும் உடன்திறப்புப் பொழுதில்தான் அவை மிக அருகில் வருகின்றன. ஆகவே பிஸ்டனின் தலையில் மென்களிமண்ணைப் பூசி, புதிய கேமை மாட்டி, எஞ்சினைக் கையால் இருமுறை சுற்றி, மேல்மூடியைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் தடிப்பை அளப்பது வழக்கம். வால்வை இயக்கும் நெம்புகளில் எண்ணெயால் நிரம்பும் சிறு தாங்கிகள் இருப்பதால், அளக்கும்போது மட்டும் அவற்றுக்குப் பதிலாக அமுங்காத தாங்கிகளை வைக்க வேண்டும். இல்லையேல் அவை அமுங்கி, வால்வின் ஏற்றத்தைக் குறைத்துக் காட்டும். காற்று வால்வுக்கு 2 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் மிஞ்சியிருந்தால் அச்சமில்லை என்பர். புகை வால்வு சூட்டால் நீள்வதாலும், மூடும்போது அதனைப் பிஸ்டன் துரத்தி வருவதாலும் அதற்குச் சற்று மிகுதி.

களிமண் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பள்ளி அலமாரியில் முதலாம் ஆண்டு மாணவர் உருவம் செய்யும் மென்களிமண் இருந்தது; பச்சை நிறக் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முன்பு அதே கட்டிகளில் அவர் யானை செய்தவர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, காற்று வால்வுக்கு 2.6, புகை வால்வுக்கு 3.1 என்றார்.